வெளிநாட்டில் படித்து, கம்போங் ராஜாவில் தொழில்

போன மாதம் நம் இளைஞர் வகுப்பு முடிந்து பாய் சுருட்டிக்கொண்டிருந்தபோது, படிவம் ஐந்து படிக்கும் ஒரு தங்கை என்னிடம் கேட்டாள்: "அக்கா, நீங்க இந்தியாவுக்குப் போய்ப் படிச்சிட்டு வந்தீங்க. அப்புறம் ஏன் திரும்பவும் கம்போங் ராஜாவுலயே இருக்கீங்க? கேஎல்ல வேலை கிடைக்கலையா?" அவள் கேலி செய்யவில்லை, நிஜமான சந்தேகம்தான். அங்கே ரெண்டு வரியில் ஏதோ சொல்லிச் சமாளித்துவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகு மனசு கேட்கவில்லை. இந்த மாதப் பாடத்தை அவளுக்கான முழுப் பதிலாக எழுதுகிறேன். மற்றவர்களும் சேர்ந்து படியுங்கள்.

வேலை கிடைத்தது. ஷா ஆலாமில் ஒரு உணவுத் தொழிற்சாலையில் ஒன்றரை வருஷம் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருந்தேன். சம்பளமும் மோசமில்லை. நான் திரும்பி வந்ததற்குக் காரணம் வீடு.

தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. டவுனில் வளர்ந்தவர்களுக்காகச் சொல்கிறேன். தேயிலைத் தோட்டத்து வீடு வேலையோடு ஒட்டிய வீடு. அப்பா வேலையில் இருக்கும்வரை அது நம் வீடு. 60 வயதில் அவர் ஓய்வு பெற்றால் சாவியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். வீடு கையை விட்டுப் போகக்கூடாது என்றால் பிள்ளைகளில் ஒருவர் தோட்டத்தில் பேர் பதிய வேண்டும். அப்பாவுக்கு 58 ஆனபோது என் தம்பி படிவம் நான்கில் இருந்தான். ஒரு தீபாவளி லீவில் வீட்டுக்கு வந்திருந்தேன். சாப்பிட்டுக்கொண்டே அப்பா சொன்னார்: "தம்பி எஸ்.பி.எம். எழுதட்டும். அப்புறம் ஆபீசுல சொல்லி மருந்தடிக்கிற வேலையில போட்டுடலாம். வீட்டுக்கு ஒரு ஆள் வேணும்ல." தம்பி தட்டைப் பார்த்தபடியே தலையாட்டினான். அந்தத் தலையாட்டல்தான் என்னை ஊருக்கு இழுத்துக்கொண்டு வந்தது. எனக்கு இருந்த அவகாசம் இரண்டு வருஷம்.

ஊரை முதலில் பார்ப்போம்

1885-இல் வில்லியம் கேமரன் என்ற நில அளவையாளர் இந்த மலையைக் குறித்துவிட்டுப் போனார். 1929-இல் ரஸ்ஸல் என்ற ஆங்கிலேயர் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். அந்தக் காலத்திலிருந்து மலையைத் திருத்திச் செடி நட்டதிலும் கொழுந்து எடுத்ததிலும் நம் பாட்டன் பாட்டிமாரின் கை இருக்கிறது. கிட்டத்தட்ட நூறு வருஷம். ஆனால் கம்போங் ராஜா கடைத்தெருவில் ஒரு தடவை நடந்து, பேர்ப்பலகைகளில் எத்தனை நம்மவருடையது என்று எண்ணிப் பாருங்கள். ஒரு கை விரல் போதும். இதை நான் யாரையும் குறை சொல்ல எழுதவில்லை. வேலையும் வீடும் ஒரே கையிலிருந்து வந்த இடத்தில் கடை வைக்கும் பழக்கம் எப்படி வரும்?

ஊர் மலையின் வடக்கு முனையில் இருக்கிறது. முன்பு மேலே வர தாப்பாவிலிருந்து ஏறும் பழைய சாலைதான். அந்தக் கணக்கில் நாம் கடைசி ஊர். 2000-களின் தொடக்கத்தில் சிம்பாங் பூலாய் சாலை வந்ததும் கணக்கு தலைகீழானது. ஈப்போவிலிருந்து ஏறுகிறவருக்கு நாம்தான் முதல் ஊர், ஒன்றரை மணி நேரம். செலாயாங் மொத்தச் சந்தைக்கும் சிங்கப்பூருக்கும் காய்கறி ஏற்றிய லோரிகள் நம் வாசல் வழியாகத்தான் இறங்குகின்றன. நான் பிறந்து வளர்ந்த ஊர்தான், ஆனால் இந்த லோரிகளை உட்கார்ந்து பார்த்தது திரும்பி வந்த பிறகுதான். ஒரு வாரம் பின்னேரங்களில் தரம் பிரிக்கும் கொட்டகைகள் பக்கம் சும்மா சுற்றினேன். நல்ல தக்காளி பெட்டிக்குப் போகும். அளவு குறைந்தது, தோல் வெடித்தது, ரொம்பப் பழுத்தது எல்லாம் ஒரு மூலையில் குவியும், மறுநாள் குப்பைக்குப் போகும்.

"ஏன் நீயே காய்கறி போடலாமே?" என்று பலர் கேட்டார்கள். இந்த மலையில் விவசாய நிலம் பல காலமாக ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிக்கும் தற்காலிக உரிமத்தில்தான் ஓடிக்கொண்டிருந்தது. வீடே நம்முடையது இல்லை என்று பயந்து வந்தவள், நிலமும் நிச்சயமில்லாத தொழிலில் போய் விழ விரும்பவில்லை.

ஒரு கொட்டகைத் தவுக்கேயிடம் கழிவுத் தக்காளி கேட்டேன். "தங்காச்சி, நான் குப்பையில கொட்றதுக்கு நீ காசு குடுக்கிறியா?" என்று சிரித்தார். இரண்டாவது வாரத்திலிருந்து கிலோவுக்கு 80 சென் வாங்கினார். அதிலும் ஒரு பாடம் இருக்கிறது: நீங்கள் கேட்ட நிமிஷத்திலிருந்து அது குப்பை இல்லை.

உப்பிய மூடிகள்

தக்காளித் தொக்கு செய்து பாட்டிலில் அடைத்து, மலைக்கு வரும் சுற்றுலாப் பயணிகளுக்கு விற்கலாம் என்பது என் திட்டம். கோயம்புத்தூரில் நான் படித்தது உணவுப் பதனீடு. தொக்கு செய்முறை என் நோட்டுப் புத்தகத்திலேயே இருந்தது. அம்மாவின் சங்கிலியை அடகுக்கடையில் வைத்து பெரிய சட்டி, அடுப்பு, பாட்டில் எல்லாம் வாங்கினேன். தீபாவளிக்கு முன்னால் 400 பாட்டில் போட்டோம். பாதி மலையில் விற்றது. மீதியை ஈப்போவில் ஒரு மளிகைக்கடையில் வைத்தேன்.

மூன்று வாரத்தில் கடைக்கார அண்ணன் போன் பண்ணினார். "தங்கச்சி, உன் பாட்டில் மூடியெல்லாம் உப்பியிருக்கு. ஒன்னு அலமாரியிலயே வெடிச்சிடுச்சு. முதல்ல வந்து எடுத்துட்டுப் போ."

என்ன நடந்தது என்று கவனமாகச் சொல்கிறேன், ஏனென்றால் உங்களில் சிலர் வீட்டில் சம்பலும் ஊறுகாயும் போட்டு விற்கிறீர்கள். உணவில் புளிப்பு எவ்வளவு என்பதை பிஎச் என்ற அளவால் சொல்வார்கள். எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம். காற்றுப் புகாமல் அடைக்கும் உணவுக்கு 4.6 என்பது எல்லைக்கோடு. அதற்கு மேல் போனால் பொட்டுலிசம் என்ற நஞ்சை உண்டாக்கும் கிருமி மூடிய பாட்டிலுக்குள் வளரலாம். அந்த நஞ்சு ஆளையே கொல்லும். தக்காளி இந்தக் கோட்டுக்குப் பக்கத்திலேயே நிற்கிற சரக்கு. ரகத்தையும் பழுத்த பக்குவத்தையும் பொறுத்து இந்தப் பக்கமும் சாயும், அந்தப் பக்கமும் சாயும். கோயம்புத்தூர் ஆய்வுக்கூடத்தில் நாங்கள் கிண்டியது நாட்டுத் தக்காளி, நாக்கில் வைத்தால் கண் சுருங்கும். எனக்குக் கிடைத்த மலைத் தக்காளி பார்க்க அழகு, தோல் தடிப்பு, புளிப்பு குறைவு. அதுவும் அளவுக்கு மீறிப் பழுத்தது.

இன்னொரு விஷயம், நம் உயரம். கடல் மட்டத்தில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். நாம் இருக்கும் உயரத்தில் 95, 96 டிகிரியிலேயே கொதித்துவிடும். கீழே இத்தனை நிமிஷம் பாட்டிலைக் கொதிநீரில் வைத்தால் போதும் என்று எழுதியிருந்தால், இங்கே அதைவிடக் கூடுதல் நேரம் வைக்க வேண்டும். தேயிலைத் தோட்டத்தில் பிறந்த எனக்கு, மலைமேல் பருப்பு வேக நேரமாகும் என்பது சின்ன வயசிலிருந்தே தெரியும். கல்லூரியில் அதற்கான காரணத்தைப் படித்து பரீட்சையில் மார்க்கும் வாங்கியிருக்கிறேன். இரண்டையும் சேர்த்துப் பார்க்கத்தான் தெரியவில்லை. பிஎச் பார்க்கும் கருவி வாங்க அப்போது எனக்கு மனசு வரவில்லை, அந்தக் காசுக்கு இன்னும் கொஞ்சம் பாட்டில் வாங்கிவிட்டேன்.

விற்றது போக இருந்த எல்லாப் பாட்டிலையும் திரும்ப எடுத்தேன். யார் வாங்கினார்கள் என்று தெரிந்தவரை தேடிப் போய்ச் சொல்லிப் பணத்தைக் கொடுத்தேன். அப்பாவும் நானும் வீட்டுக்குப் பின்னால் ஆழமாகக் குழி வெட்டி எல்லாவற்றையும் புதைத்தோம். யாரும் சாப்பிட்டு நோயில் விழவில்லை. அது என் கெட்டிக்காரத்தனம் இல்லை, தெய்வச் செயல்தான். அம்மா ஒரே ஒரு தடவைதான் கேட்டார்: "இதுக்கா கோயமுத்தூர் போன?" அந்த வருஷம் முருகன் கோயில் திருவிழா உபயத்தில் எங்கள் வீட்டுப் பங்கைக் கட்ட முடியவில்லை. கோயில் தலைவர் அதைப் பற்றி எங்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

ஆனந்தில் நடந்தது

அந்த மாதங்களில்தான் வர்கீஸ் குரியனைப் பற்றித் தேடிப் படித்தேன். அமுல் பால் என்றால் இந்தியாவுக்குப் போய்வந்தவர்களுக்குத் தெரியும். குரியன் 1921-இல் கோழிக்கோட்டில் பிறந்தவர், சென்னை லயோலாவிலும் கிண்டி பொறியியல் கல்லூரியிலும் படித்தவர். அரசாங்க உதவித்தொகையில் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்துக்குப் போனார். உதவித்தொகை வாங்கினால் திரும்பி வந்து அரசாங்கம் சொல்லும் இடத்தில் வேலை பார்க்க வேண்டும். 1949 மே மாதம் அவரைக் குஜராத்தில் ஆனந்த் என்ற சின்ன ஊருக்கு அனுப்பினார்கள். ஊர்ப்பற்று அது இதென்று எதுவும் இல்லை. அவருக்கு அது சொந்த ஊரும் இல்லை, பிடித்த ஊரும் இல்லை. எப்போது கிளம்பலாம் என்று நாள் எண்ணிக்கொண்டிருந்தார். கிறிஸ்தவர், அசைவம் சாப்பிடுகிறவர், கல்யாணமாகாதவர் என்று யாரும் வீடு கொடுக்கவில்லை, ஒரு கார் கொட்டகையில் தங்கினார். இந்த வரியை நம் வகுப்பில் இரண்டு தடவை வாசிக்கச் சொல்வேன். அவர் அன்றைக்கே கோபித்துக்கொண்டு பெட்டியைக் கட்டியிருந்தால் அந்த மாவட்டத்து விவசாயிகளுக்கு எவ்வளவு நஷ்டம்!

அவர் வருவதற்கு முன்பே, 1946-இல், திரிபுவன்தாஸ் படேல் தலைமையில் பால்காரர்கள் ஒரு கூட்டுறவுச் சங்கம் தொடங்கியிருந்தார்கள். ஒரு தனியார் கம்பெனியும் அதன் தரகர்களும் சொன்ன விலைக்கே பாலை ஊற்ற வேண்டியிருந்தது, அதை எதிர்த்துப் பிறந்த சங்கம் அது. ஆரம்பத்தில் ஒரு நாளைக்கு 247 லிட்டர். பழைய இயந்திரங்கள் அடிக்கடி நின்றுபோகும். பக்கத்தில் இருந்த அமெரிக்காவில் படித்த இளைஞரை திரிபுவன்தாஸ் கூப்பிட்டு, பழுது பார்க்கச் சொன்னார். பழுது பார்க்க வந்தவர் அங்கேயே தங்கிவிட்டார்.

பிறகு பெரிய சிக்கல் ஒன்று வந்தது. குளிர்காலத்தில் எருமைகள் அதிகம் கறக்கும். 400 கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருந்த பம்பாயால் அவ்வளவு பாலையும் எடுத்துக்கொள்ள முடியாது. மீந்த பாலைப் பொடியாக்கினால்தான் விவசாயி பிழைப்பான். எருமைப் பாலைப் பொடியாக்க முடியாது என்று வெளிநாட்டு நிபுணர்கள் கையை விரித்தார்கள். பசும்பாலை வைத்துப் படித்த படிப்பு அவர்களுடையது. குரியனோடு மிச்சிகனில் படித்த எச்.எம். தலாயா என்ற நண்பர் ஆனந்துக்கு வந்து அதைச் செய்து காட்டினார். 1955-இல் அதற்கான தொழிற்சாலையே அங்கே இயங்கத் தொடங்கியது.

இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, வெட்கமும் வந்தது. அவர்களுக்குப் பசுவும் எருமையும், எனக்கு நாட்டுத் தக்காளியும் மலைத் தக்காளியும். தலாயா தன் கண்முன் இருந்த பாலை அளந்து பார்த்தார். நான் நோட்டுப் புத்தகத்தை நம்பினேன்.

இன்னொன்றும் புரிந்தது. ஆனந்தில் பால் முன்பே இருந்தது. பம்பாயில் குடிக்க ஆளும் முன்பே இருந்தார்கள். நடுவில் கெட்டுப்போகிற நேரமும் தரகரும் நின்றுகொண்டிருந்தார்கள். படித்து வந்தவர்கள் கைவைத்தது அந்த நடுப்பகுதியில்தான். சின்ன ஊரில் தொழில் தேடும் பட்டதாரி, ஊரில் இல்லாத புது அதிசயத்தைக் கொண்டுவர வேண்டும் என்று நினைத்துத்தான் பெரும்பாலும் கெட்டுப்போகிறார். ஊரில் இருக்கும் சரக்கு எது, வெளியே அதை வாங்குகிறவர் யார், நடுவில் எது வீணாகிறது என்று அவர் பார்த்தால் போதும். நான் சுற்றுலாப் பயணியைப் பார்த்துத் தொழில் தொடங்கினேன். ஒரு பயணி ஒரு பாட்டில் வாங்குவார், அடுத்த வருஷம்தான் திரும்பி வருவார், வராமலும் போவார்.

மறுபடியும் ஈப்போவுக்குப் போனேன். இந்தத் தடவை கையில் பாட்டில் இல்லை. வாழையிலைச் சாப்பாட்டுக் கடைகளில் மதியக் கூட்டம் அடங்கியபிறகு போய், பின்கட்டில் நின்று பேச்சுக் கொடுத்தேன். ஒரு கடைக்கார அண்ணன் சொன்னார்: "தொக்கு வேணாம்மா. அதை எங்க அம்மாவே செய்வாங்க. வெங்காயம் தக்காளி வதக்கி அரைச்ச மசாலா குடுக்க முடியுமா? காலையில ரெண்டு ஆள் ரெண்டு மணி நேரம் அதுக்கே நிக்கிறாங்க. ஆளும் கிடைக்கல." இப்போது நான் செய்வது அதுதான். ஐந்து கிலோ டப்பாவில் குளிரூட்டி, வாரத்துக்கு இரண்டு நடை இறக்குகிறோம். மாதக்கணக்கில் அலமாரியில் நிற்க வேண்டியதில்லை, சில நாளில் தீர்ந்துவிடும். ஆனாலும் ஒவ்வொரு சட்டியும் பிஎச் பார்த்த பிறகுதான் வெளியே போகும், புளிக்கரைசல் சேர்த்துச் சரிசெய்வோம். சட்டிக்குப் பக்கத்தில் மூன்று பெரியம்மாக்கள் நிற்கிறார்கள். முப்பது வருஷம் கொழுந்து எடுத்த கை. கெட்ட தக்காளியைப் பார்க்காமலே தொட்டு எடுத்துப் போட்டுவிடுவார்கள். எந்தக் கல்லூரியிலும் அதற்குப் பட்டம் இல்லை.

தென்காசியைப் பற்றி ஒரு வார்த்தை

இந்தப் பேச்சு வந்தாலே யாராவது ஸ்ரீதர் வேம்புவை இழுப்பார்கள். சரி, பார்ப்போம். ஐஐடி மெட்ராசில் 1989-இல் பட்டம் பெற்று, அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் வாங்கியவர். 1996-இல் குடும்பத்தாரோடும் நண்பரோடும் தொடங்கிய மென்பொருள் நிறுவனம்தான் இன்றைய சோஹோ. 2011-இல் தென்காசி பக்கம் மத்தளம்பாறை கிராமத்தில் ஓர் அலுவலகம் திறந்தார்கள். சோஹோ டெஸ்க் என்ற மென்பொருள் அங்கே உருவானது. 2019-இல் அவரே அந்தக் கிராமத்துக்குக் குடிவந்தார். நிறுவனம் நடத்தும் பள்ளியில், பள்ளிப்படிப்பு முடித்த பிள்ளைகளை எடுத்துக் கட்டணம் வாங்காமல், உதவித்தொகையும் கொடுத்துப் பயிற்சி கொடுக்கிறார்கள்.

கேட்க ரொம்ப நல்லா இருக்கும். ஆனால் வரிசையைக் கவனியுங்கள். தொழில் முதலில் அமெரிக்காவிலும் சென்னையிலும் ஊன்றியது. உலகம் முழுக்க வாடிக்கையாளர்கள் வந்த பிறகு, பதினைந்து வருஷம் கழித்து, வேலை கிராமத்துக்குப் போனது. காசு வெளியிலிருந்து வருகிறது, சம்பளம் கிராமத்தில் இறங்குகிறது. கிராமத்தில் உட்கார்ந்து கிராமத்துக்கே மென்பொருள் விற்றிருந்தால் ஒரு வருஷம் தாண்டியிருக்காது. அவரிடமிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது இரண்டுதான்: வாங்குகிறவர் ஊருக்கு வெளியே இருக்கலாம், வேலை செய்கிறவரை ஊருக்குள்ளேயே பழக்கிக்கொள்ளலாம். மற்றபடி அவர் அளவு வேறு, நம் அளவு வேறு. ஒப்பிட்டு மனசைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

கணக்கும் காகிதமும்

என் பழைய பாட்டில் கணக்கை அப்படியே தருகிறேன். தக்காளி 80 சென், எண்ணெய் மிளகாய் புளி 1 வெள்ளி 50, பாட்டிலும் மூடியும் 1 வெள்ளி 20. மொத்தம் 3 வெள்ளி 50. கடைக்கு 9 வெள்ளிக்குக் கொடுத்தேன். பாட்டிலுக்கு 5 வெள்ளி 50 லாபம் என்று துள்ளினேன். கேஸ் 40 சென், லேபல் 20 சென், கூலி 1 வெள்ளி 50, போக்குவரத்து 40 சென் எல்லாம் நினைவில் இல்லை. சேர்த்துப் பாருங்கள், அடக்கம் 6 வெள்ளி. லாபம் 3 வெள்ளிதான். கூலியை ஏன் விட்டேன் தெரியுமா? அம்மாவும் நானும்தானே செய்கிறோம் என்று. அம்மாவின் கைக்கு விலை போடாத கணக்கு திருட்டுக் கணக்கு. நம் வீட்டுத் தொழில்களில் பாதி அப்படித்தான் 'லாபத்தில்' ஓடுகிறது.

பதிவு பெரிய விஷயமே இல்லை. எஸ்.எஸ்.எம்.மில் சொந்தப் பேரில் தொழில் பதிய வருஷத்துக்கு 30 வெள்ளி, வணிகப் பேரில் 60 வெள்ளி. தொழில் தொடங்கி 30 நாளுக்குள் பதிய வேண்டும். சாப்பாட்டுச் சரக்கு என்றால் இன்னும் இருக்கிறது: மாவட்ட மன்ற உரிமம், சுகாதார அமைச்சில் உணவு வளாகப் பதிவு, சட்டியைத் தொடும் ஒவ்வொருவருக்கும் உணவு கையாளுவோர் பயிற்சி, டைபாய்டு ஊசி. லேபல் மலாய் மொழியில் இருக்க வேண்டும். ஆள் வைத்தால் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி, மணிக்கணக்கில் என்றால் 8 வெள்ளி 72 சென். இபிஎப், சொக்சோ உண்டு. 60 வயது தாண்டிய பெரியம்மாவுக்கும் முதலாளி 4 விழுக்காடு இபிஎப் கட்ட வேண்டும் என்பது பலருக்குத் தெரியாது. "நம்ம ஆளுதானே, கையில காசு குடுத்தா போதும்" என்று சொல்லாதீர்கள். தோட்டத்தில் நம் பாட்டிகளுக்குச் செய்ததையே நாம் அவர்களுக்குச் செய்வதாக ஆகிவிடும்.

கடனுக்கு தெக்குன் நேஷனலில் இந்தியத் தொழில்முனைவோருக்கான ஸ்பூமி திட்டம் இருக்கிறது. பெண்களுக்கு அமானா இக்தியாரில் 2024-இல் தொடங்கிய பெண் திட்டம் இருக்கிறது. போய்க் கேளுங்கள். ஆனால் முதல் சட்டி உருப்படியாக வந்த பிறகு கேளுங்கள். எனக்கு அடகுக்கடை சொல்லிக்கொடுத்த பாடம் அது.

படிக்கப் போகிறவர்களுக்கு

வெளிநாடு போகும் யோசனை இருப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். கனடாவில் நோவா ஸ்கோஷியா என்ற சின்ன மாநிலம், அங்கே பட்டம் பெற்ற வெளிநாட்டு மாணவர் அங்கேயே தொழில் தொடங்கிக் குறைந்தது ஒரு வருஷம் நடத்தினால், நிரந்தர வசிப்புக்குப் பரிந்துரைக்கத் தனித் திட்டமே கொண்டுவந்தது. அங்கேயும் இளைஞர்கள் பெரிய நகரங்களுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். அதனால் படித்த பிள்ளைகளை வரவேற்று உட்காரவைக்கப் பார்த்தார்கள். ஆனால் எல்லா நாட்டிலும் அப்படி இல்லை. நம் நாட்டு மாணவர் அனுமதியில் வந்து படிக்கும் வெளிநாட்டவர் இங்கே சொந்தத் தொழில் நடத்த முடியாது. நீங்கள் போகிற நாட்டின் விதியைப் போவதற்கு முன்பே படித்துவிடுங்கள். படிக்கும்போதே கடை போட்டு மாட்டிக்கொண்டவர்கள் கதை எனக்குத் தெரியும்.

அங்கே இருக்கும் நாட்களில் பாடப் புத்தகத்தோடு நிறுத்தாதீர்கள். கோயம்புத்தூரில் விடுமுறை நாட்களில் என் தோழிகள் ஊட்டிக்குப் போனபோது நானும் போனேன். மலையில் வளர்ந்தவள் மலையைப் பார்க்கக் காசு செலவழித்தேன்! அதே பஸ் பணத்தில் பக்கத்து ஊர்களில் சின்னச் சின்ன மசாலா ஆலைகளைப் போய்ப் பார்த்திருக்கலாம். எப்படி உலர்த்துகிறார்கள், யாருக்கு விற்கிறார்கள், எங்கே நஷ்டப்படுகிறார்கள் என்று கேட்டிருக்கலாம். ஒரு மாணவி கேட்டால் பதில் சொல்லாமல் யாரும் துரத்தமாட்டார்கள். இப்போது முதலாளியாகப் போய்க் கேட்டால் கதவைச் சாத்துகிறார்கள்.

வீட்டுக் கதையை முடிக்கவில்லை. அப்பா ஓய்வு பெற்றார், சாவியைக் கொடுத்தார். கம்போங் ராஜா கடை வீட்டின் மாடியில் இரண்டு அறை வாடகைக்கு எடுத்திருக்கிறோம், கீழே சட்டி. அம்மாவுக்கு இன்னமும் பழைய வீட்டுக் கொய்யா மரம்தான் பேச்சு. சங்கிலியை மூன்றாம் வருஷம் மீட்டோம். தம்பி எஸ்.பி.எம். முடித்து பாலிடெக்னிக் போனான். படித்து முடித்து என்னோடு வந்து சேர்வான் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள். "அக்கா, நான் சிங்கப்பூர் போறேன்" என்கிறான். எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான், மறைக்கவில்லை. அப்பா மட்டும் சொன்னார்: "போகட்டும்மா. அவன் விரும்பித்தானே போறான்."

அடுத்த வகுப்புக்கு வீட்டுப்பாடம். ஒவ்வொருவரும் உங்கள் ஊரில் வீணாகும் ஒரு பொருளை எடுங்கள். ஒரு வாரம் அதைப் பின்தொடருங்கள்: எங்கே சேருகிறது, எத்தனை கிலோ, யார் தூக்கிப் போடுகிறார், ஏன் போடுகிறார். ஊருக்கு வெளியே அதை வாங்கக்கூடிய ஒருவரிடமாவது நேரில் பேசுங்கள், போனில் வேண்டாம். அவர் சொன்னதை அவர் வார்த்தையிலேயே எழுதிக்கொண்டு வாருங்கள். அடக்கக் கணக்கில் உங்கள் அம்மாவின் கூலியும் இருக்க வேண்டும்.

தக்காளியை மட்டும் யாரும் எடுக்க வேண்டாம். அது என்னுடையது.